லாட்ஜ் அறையில் பொருள் திருடு போனால்: ராமேஸ்வரம் வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வருபவர்கள் நகையைக் கழற்றி அறையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கும்போது செயின் அறுந்து விழுந்தால் அந்தக் கூட்டத்தில் எங்கே தேடுவது? சொட்டச் சொட்ட நடக்கிறவர் செல்போனையும் எடுத்துப்போக முடியாது. ஆக, விடியற்காலையிலிருந்து ரத வீதி லாட்ஜ்களில் பொருள் அறைக்குள் இருக்கும், ஆள் வெளியே இருப்பார்கள். திருடுகிறவனுக்கும் இது தெரியும்.

ஒரு தை அமாவாசையன்று, விருதுநகர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவை போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பார்த்தேன். சேலை இன்னும் காயவில்லை. கையில் ஒரு கைக்குட்டை. இரண்டு பவுன் செயினை அதில் முடிந்து தலையணை உறைக்குள் செருகிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கைக்குட்டை இருக்கிறது, முடிச்சு அவிழ்ந்து கிடக்கிறது. லாட்ஜ் மேனேஜர் ரிசப்ஷனில் இருந்த "நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற போர்டைக் காட்டிக் கையை விரித்துவிட்டார். "சாயங்காலம் ட்ரெயின் இருக்கும்மா, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று மகன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த போர்டையும் அந்த அவசரத்தையும் நம்பி எத்தனையோ பேர் புகாரே கொடுக்காமல் போய்விடுகிறார்கள். சட்டம் இரண்டையுமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் அறை. தேடுகிறேன் என்று எல்லாவற்றையும் புரட்டிப் போடாதீர்கள். தாழ்ப்பாள், ஜன்னல், பீரோ, பை எல்லாம் எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே போட்டோ எடுத்துவிட்டு, அறையைப் பூட்டி வெளியே நில்லுங்கள். மேனேஜரிடம் வாயால் சொல்வது போதாது. ஒரு வெள்ளைத்தாளில் நேரம், அறை எண், காணாமல் போன பொருள் எல்லாம் எழுதி, "இன்றைய சிசிடிவி பதிவை அழியாமல் பாதுகாத்து வைக்கவும்" என்ற வரியையும் சேர்த்துக் கொடுங்கள். இன்னொரு பிரதியில் அவருடைய கையெழுத்தை வாங்குங்கள். மறுத்தால் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து லாட்ஜின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினாலும் சரிதான். சிசிடிவி பெட்டியில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பதிவை உங்களிடம் காட்ட லாட்ஜ் தயங்கலாம், ஆனால் போலீஸ் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அறை வாடகை ரசீதையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புகாரில் எழுத வேண்டிய வார்த்தை

ராமேஸ்வரத்தில் நகர் காவல் நிலையமும் கோயில் காவல் நிலையமும் தனித்தனியே இருக்கின்றன. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் தங்கியிருந்தால் அந்தந்த ஊர் நிலையம். எல்லை எது என்று குழம்ப வேண்டாம், அருகில் இருப்பதற்குப் போங்கள். அவசரம் என்றால் 112.

புகார் எழுதும்போது பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்டேஷனில் யாராவது, "காணாமல் போய்விட்டது என்று எழுதுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார்கள். சீக்கிரம் முடிவது உண்மைதான், உங்கள் வழக்கும் அதோடு முடிந்துவிடும். தொலைந்தது என்றால் குற்றம் இல்லை, குற்றம் இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். இல்லை. பூட்டிய அறையிலிருந்து போன பொருளுக்கு "திருடப்பட்டது" என்பதுதான் சரியான சொல். இப்படி எழுதலாம்: "காலை 5.15-க்கு அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தீர்த்தமாடச் சென்றோம். 9.40-க்குத் திரும்பியபோது தலையணை உறைக்குள் வைத்திருந்த இரண்டு பவுன் செயின் திருடப்பட்டிருந்தது." யார் மீதாவது சந்தேகம் இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், இல்லையென்றால் அறை துடைக்க வந்த பெண்ணின் பெயரை இழுத்துவிடாதீர்கள். இரண்டு பவுனை நான்கு பவுனாக்கவும் வேண்டாம். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம்.

புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதைக் கொடுப்பார்கள். அது புகார் வந்ததற்கான அடையாளம் மட்டுமே. கைக்குக் காகிதம் வந்துவிட்டது என்று அதோடு ஊர் திரும்பியவர்கள் நிறையப் பேர். நீங்கள் கேட்க வேண்டியது முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், மனிதர் தங்கும் கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்குப் பிரிவு 305. ஏழு ஆண்டு வரை சிறை. சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழே என்றால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. 305-க்கு அந்த வரம்பு கிடையாது. ஆகவே "சின்னத் தொகைதானே" என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட குற்றம் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பிரதியை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் ராமநாதபுரம் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம்.

ரயிலேறிவிட்டீர்கள், திருச்சியில் இறங்கிப் பையைத் திறந்தபோதுதான் தெரிகிறது, அப்போது என்ன செய்வது? திரும்பி வரத் தேவையில்லை. போலீஸ், நீதிமன்ற நடைமுறைக்கான சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். அவர்கள் பதிந்து இங்கே அனுப்பி வைப்பார்கள். மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் போலீஸின் கடமை.

செல்போனும் போயிருந்தால் ஸ்டேஷனுக்குப் போகிற வழியிலேயே இன்னொருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டையும் யுபிஐயையும் நிறுத்துங்கள், சிம்மையும் முடக்குங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. புகார் நகலும் அதே எண்ணுக்கு மாற்று சிம்மும் கிடைத்ததும், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்கிவிடலாம். ஐஎம்இஐ எண் போன் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும்.

"நிர்வாகம் பொறுப்பல்ல"

இனி அந்த போர்டு. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் 1998-இல் ஒருவர் கார் சாவியை ஓட்டல் ஊழியரிடம் கொடுத்தார், கார் திருடு போனது. சீட்டில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது: தன் அஜாக்கிரதைக்கும் தன் ஊழியரின் அஜாக்கிரதைக்கும் ஓட்டல் ஒரு வாசகத்தை அச்சடித்து வைத்துத் தப்பிக்க முடியாது.

அதற்காக, அறையில் எது போனாலும் லாட்ஜ் பணம் தர வேண்டும் என்று ஆகிவிடாது. பொருளைக் கவுண்டரில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் பலமானது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, வாங்கி வைத்தவர் அதைத் தன் பொருளைப் போலக் காக்கக் கடமைப்பட்டவர். அறைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போயிருந்தால், லாட்ஜின் குறையை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். பூட்டு உடைபடாமல் மாற்றுச் சாவியால் திறந்தது, கெட்டுப்போன தாழ்ப்பாள், ஓடாத கேமரா, வாட்ச்மேன் இல்லாதது இவையெல்லாம் குறைதான். முதலில் எடுத்த போட்டோக்கள் இங்கேதான் பேசும்.

இதற்கான இடம் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டாம். வழக்குக் கட்டணம் நீங்கள் லாட்ஜுக்குச் செலுத்திய தொகையைப் பொறுத்தது, இழந்த நகையின் விலையைப் பொறுத்தது அல்ல. ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை, எனவே 1500 ரூபாய் வாடகை கட்டியவருக்குச் செலவு தாளும் தபாலும்தான். வாடகை ரசீதைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பொருள் கிடைத்துவிட்டால் போலீஸ் அதை நேராக உங்கள் கையில் தர மாட்டார்கள். நீதிமன்றத்தில் ஒப்படைப்பார்கள், அங்கே மனுப் போட்டு வாங்க வேண்டும். வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு, உறுதிப் பத்திரம் பெற்றுக்கொண்டு உரியவரிடம் திருப்பித் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. உங்களுடையதுதான் என்று காட்ட நகைக்கடை பில் வேண்டும், அது இல்லையென்றால் அந்த நகையை அணிந்த பழைய படம் ஒன்றாவது வேண்டும். ஸ்டேஷன் வாசலில் அந்த அம்மாவின் மகன் கடைசியில் டிக்கெட்டைப் பையில் வைத்துவிட்டுத் தன் போனில் தேடத் தொடங்கினார். பேத்தியின் காதுகுத்துப் படத்தில், பட்டுச்சேலைக்கு மேலே, அந்தச் செயின் தெளிவாகத் தெரிந்தது.