வெட்டரன்னா வயசானவரா?

இங்கிலீஷ்ல "வெட்டரன்"னு வந்தாலே பாதி பேர் தமிழ்ல "மூத்த வீரர்"னு போட்டுட்டு போயிடுறாங்க, கிரிக்கெட் செய்தின்னா சரி, அமெரிக்க மிலிட்டரி செய்தியில போட்டா அர்த்தமே போச்சு. 18 வயசுல சேர்ந்து 4 வருஷம் முடிச்சு 22ல வெளிய வர்ற பையனும் அங்க வெட்டரன்தான். சட்டம் வயசை பாக்கல, படையில முழுநேரமா வேலை செஞ்சிருக்கணும், அவமானப்பட்டு துரத்தப்பட்டவரா இருக்கக்கூடாது, அவ்ளோதான்.

குழப்பம் வேர்லயே இருக்கு. லத்தீன்ல வேதுஸ்னா பழசு, அதுலேந்து வெத்தெரானுஸ், அதாவது சர்வீஸ் முடிச்ச ரோம சிப்பாய். (நம்ம பஞ்சாங்கத்துல வர்ற சம்வத்சரமும் இதுக்கு தூரத்து சொந்தம், ரெண்டுக்கும் அடியில இருக்கறது வருஷம்ங்கற அர்த்தம்.) அகஸ்டஸ் காலத்துல 20 வருஷம் ஓட்டினா நிலமோ பணமோ குடுப்பாங்க, சில சமயம் எல்லையோரமாவே குடியும் வெச்சிடுவாங்க. ஜெர்மனியில ரைன் கரையில இருக்குற கொலோன் நகரம் கி.பி. 50ல அப்படி வந்த குடியிருப்புதான்.

படையிலேந்து வர்றவங்கள எல்லைப் பக்கம் வேலைக்கு எடுக்கணும்னு, கிட்டத்தட்ட அதே யோசனைய 2015ல அமெரிக்கா சட்டமாவே போட்டுச்சு, பேரு "பார்டர் ஜாப்ஸ் ஃபார் வெட்டரன்ஸ் ஆக்ட்". கொண்டுவந்தது அப்போ அரிசோனா எம்.பி.யா இருந்த மார்த்தா மெக்சாலி, அவங்களே விமானப்படை பைலட்டா இருந்தவங்க, அக்டோபர் 16 அன்னைக்கு ஒபாமா கையெழுத்து போட்டார். 2014 பட்ஜெட்லயே புதுசா 2,000 சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரிங்களுக்கு காசு ஒதுக்கியிருந்தாங்க, ஆனா ஆள் எடுக்கற வேலை ஆமை வேகத்துல போச்சு.

தலைப்புல வெட்டரன்ஸ்னு இருந்தாலும் சட்டம் தேடுறது "செப்பரேட்டிங்" ஆகுற ஆளுங்கள, அதாவது இப்பதான் யூனிஃபார்ம கழட்டப்போறவங்க. இத "பிரிந்து செல்வோர்"னு எழுதினா விவாகரத்து கேஸ் மாதிரி இருக்கு, "ஓய்வு பெறுவோர்"னாலும் தப்பு, ஏன்னா அங்க பென்ஷனுக்கு பொதுவா 20 வருஷம் வேணும், இவங்கள்ல நிறைய பேருக்கு அது கிடையாது. நம்ம ஊர்ல "மிலிட்டரிலேந்து டிஸ்சார்ஜ் ஆயிட்டாரு"ன்னு சொல்றோமே, அதான் கரெக்ட்டான இடம். எழுத்துல "படைப்பணி முடித்து வெளியேறுவோர்"னு போடலாம். வெளிய வந்தப்புறம் "முன்னாள் படைவீரர்", தமிழ்நாடு அரசு துறையோட பேர்லயே இருக்கற சொல்தான், புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம்.

இன்னொண்ணு, இவங்க சேர்ற வேலைய "எல்லைக் காவலர்"னு போடாதீங்க. பாலைவனத்துல ரோந்து போறவங்க பச்சை யூனிஃபார்ம், அது வேற. இது நீல யூனிஃபார்ம், ஏர்போர்ட்லயும் எல்லைச் சாவடியிலயும் நம்ம பாஸ்போர்ட்ட வாங்கி பாத்து "எதுக்கு வந்தீங்க"ன்னு கேக்குறவங்க, "சுங்க, எல்லைப் பாதுகாப்பு அதிகாரி".