குளத்து ஆக்கிரமிப்பு மனு: சர்வே எண் இல்லாமல் எழுதாதீர்கள்

"எங்கள் ஊர்க் குளத்தை ஆக்கிரமித்துவிட்டார்கள், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்." ஐம்பது பேர் கையெழுத்துப் போட்ட இந்த மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியருக்குப் போகும். அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர். சில மாதம் கழித்து, "புல எண் (சர்வே எண்) குறிப்பிடப்படவில்லை" என்றோ "இக்குளம் இத்துறைக் கட்டுப்பாட்டில் இல்லை" என்றோ ஒரே வரியில் முடித்துவைப்பார்கள். அதற்குள் கரையில் இன்னொரு சுவர் எழும்பியிருக்கும்.

சட்டத்தில் குறை இல்லை. தமிழ்நாட்டில் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் செல்லும். ஏரிகளுக்கென்று 2007இல் தனிச் சட்டமும் வந்தது. கடலோரக் கழிகளுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும். மக்கள் எங்கே தட்டிக்கழிக்கப்படுகிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டியது.

முதல் பொறி, குளம் எந்தத் துறையுடையது என்பது. பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரியும் கண்மாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழ் உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. குட்டை, ஊருணி, குடிநீர்க் குளம் எல்லாம் ஊராட்சி. கோயில் தெப்பக்குளம் என்றால் அறநிலையத் துறையையும் கேட்க வேண்டும். பராமரிப்பு யாருடையதாக இருந்தாலும், புறம்போக்கு நிலத்துக்குக் கணக்கு வைத்திருப்பது வருவாய்த் துறை. ஆக்கிரமிப்பை அகற்ற நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் 1905 சட்டப்படி அங்கே இருக்கிறது. ஆகவே மனுவை வட்டாட்சியர் பெயருக்கே எழுதுங்கள். நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ நகல் போதும்.

இங்கே பலர் வழுக்குகிறார்கள். 2007 சட்டம் நீர்வளத் துறை, அதாவது பழைய பொதுப்பணித் துறை, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஏரிகளுக்கு மட்டும். ஊராட்சிக் குட்டைக்கு அந்தச் சட்டத்தைக் காட்டி மனு எழுதினால், "இச்சட்டம் பொருந்தாது" என்று திருப்பியனுப்ப நீங்களே காரணம் எழுதிக் கொடுத்ததாகிவிடும். சின்னக் குளமென்றால் 1905 சட்டத்தை மட்டும் குறிப்பிடுங்கள்.

இனி ஆவணம். மனு எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை அ-பதிவேட்டு (புல எண்வாரியான நிலப் பதிவேடு) நகலும் புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்). இரண்டையும் அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து எடுக்கலாம். புல எண் தெரியாவிட்டால் குளத்தை ஒட்டிய பட்டா நிலத்தின் புலப்படத்தை எடுங்கள். பக்கத்துப் புல எண்கள் அதன் ஓரத்தில் எழுதியிருக்கும்.

இப்போதைய அ-பதிவேட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. 1979இல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த, நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் பணியில் பல இடங்களில் நீர்நிலையின் ஒரு பகுதி உட்பிரிவாகி, தனியார் பெயரில் பட்டாவாகவோ தரிசாகவோ ஏறியிருக்கிறது. அதனால் யுடிஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய எண் மாறியிருந்தால் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பழையது ஏக்கர், சென்ட்டில் இருக்கும். புதியது ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். பழைய பதிவேட்டில் குளம் 4 ஏக்கர் என்றால் புதியதில் 1.62.0 ஹெக்டேர் இருக்க வேண்டும். அங்கே 1.21.5 என்று இருந்தால் ஒரு ஏக்கர் காணாமல் போயிருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு வரிதான். காணாமல் போன அந்த ஏக்கருக்குத் தனியார் பட்டா ஏறியிருந்தால் வட்டாட்சியரிடம் அலைந்து பயனில்லை. பட்டாவுக்கு எதிரான மேல்முறையீடு கோட்டாட்சியரிடம், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம்.

தகவல் உரிமை மனுவில் "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குத் தகவல் தர வேண்டியதில்லை என்று தப்பிவிடுவார்கள். நகல் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்தப் புல எண்ணுக்கு இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை போடப்பட்ட பி-மெமோக்களின் (ஆக்கிரமிப்புக் கணக்கு) நகல், 1905 சட்டப்படி கொடுக்கப்பட்ட செக்‌ஷன் 7, செக்‌ஷன் 6 நோட்டீஸ்களின் நகல், அடங்கல் (கிராமச் சாகுபடிக் கணக்கு) நகல் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "எங்கள் அலுவலகத்தில் இல்லை" என்று எழுதித் திருப்பியனுப்ப அவர்களுக்கு உரிமை கிடையாது. தகவல் உரிமைச் சட்டப் பிரிவு 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குபவர்கள் ஏராளம்.

பி-மெமோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புறம்போக்கில் யார் எவ்வளவு ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி, அபராதம் விதிக்க அனுப்பும் கணக்கு அது. ஆக்கிரமித்தவர் அந்த அபராத ரசீதை எடுத்துவந்து, "நான் அரசுக்குப் பணம் கட்டுகிறேன், இது என் இடம்" என்பார். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் காட்டுவார். இவற்றில் எதுவும் நீர்நிலைப் புறம்போக்கில் உரிமை தராது. ஆக்கிரமிப்பு என்று அலுவலகமே எழுதிவைத்த சாட்சி அந்த பி-மெமோ. அதை மனுவோடு இணைத்தால் "ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை" என்று அறிக்கை எழுத வழியில்லை.

அடுத்த சிக்கல் அளவை. குளத்தை அளக்க நீங்கள் பணம் கட்டி விண்ணப்பிக்க முடியாது. பட்டாதாரர்தான் தன் நிலத்துக்கு அத்து (எல்லை) காட்டக் கேட்கலாம். புறம்போக்கை அளக்க வட்டாட்சியர்தான் சர்வேயருக்கு உத்தரவு போட வேண்டும். ஆகவே மனுவில் "நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக எழுதாமல், "புல எண் இன்னதை முழுவதுமாக அளந்து, அத்து காட்டி, கல் நட்டு, 1905 சட்டப்படி செக்‌ஷன் 7 நோட்டீஸ் கொடுத்து, செக்‌ஷன் 6 உத்தரவு பிறப்பித்து அகற்ற வேண்டும்" என்று படிப்படியாக எழுதுங்கள். செக்‌ஷன் 7 என்பது விளக்கம் கேட்பது மட்டும். அதைக் கொடுத்துவிட்டு, "நோட்டீஸ் வழங்கப்பட்டுள்ளது" என்று மனுவை முடித்துவிடுவது வழக்கமான வேலை. வெளியேற்றும் உத்தரவு செக்‌ஷன் 6. அது வரும்வரை கோப்பு முடியவில்லை.

"முழுவதுமாக" என்ற சொல்லை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் கரைமேல் குடிசை போட்டவர்களின் பெயர் மட்டும் பட்டியலில் வரும், பின்னால் மதில் கட்டி வளைத்தவர் பெயர் வராது. வீடற்றவர்களுக்கு மாற்று இடம் கேட்டு ஒரு வரியும் மனுவில் சேருங்கள். அது நியாயம். அவர்களைக் கேடயமாக நிறுத்திப் பெரிய ஆக்கிரமிப்பைக் காப்பாற்றும் வேலையும் அதில் அடிபடும்.

காலமும் முக்கியம். தண்ணீர் நிற்கும்போது அளக்க மாட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் மனு கொடுத்தால்தான் கோடைக்குள் சர்வேயர் வருவார். ஆகஸ்டில் கொடுத்தால் மழையைக் காரணம் காட்டி அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். கோடையில் நடக்கும் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைமேல் இருக்கும். அங்கே கொடுத்தால், கணக்கைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தள்ளிப்போட முடியாது. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

"குளம் எப்போதோ வறண்டுவிட்டது, மேடாகிவிட்டது" என்று அறிக்கை வந்தால் கலங்க வேண்டாம். ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இதே வாதத்தை ஏற்கவில்லை. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கிராமக் குள ஆக்கிரமிப்பை வரன்முறைப்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. இரண்டையும் மனுவில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

கிராம சபைத் தீர்மானம் வலு சேர்க்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் கூடுகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. புல எண்ணோடு தீர்மானம் எழுதி, சபையிலேயே படித்துக் காட்டிய பிறகு கையெழுத்திடுங்கள்.

ஊரே சேர்ந்து தூர்வார முடிவெடுத்தால் ஓர் எச்சரிக்கை. சொந்தக் குளம் என்ற எண்ணத்தில் பொக்லைனை இறக்கினால், கனிமத் திருட்டு என்று வண்டியைப் பிடித்துவிடுவார்கள். அனுமதி வாங்குங்கள். வண்டல் எடுக்கும் விவசாயிக்கு நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்றும், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர் என்றும் அளவு வகுத்திருக்கிறார்கள். ஒரு டிராக்டர் நடை 3 கன மீட்டர் என்பது கணக்கு. அனுமதி வண்டலுக்கும் களிமண்ணுக்கும்தான். அடியில் சவுடு மண்ணோ கிராவலோ (சரளை மண்) தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். கரை அடியையும் மடை அருகையும் தொடவிடாதீர்கள். கடற்கரை ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினால் குளமே உவர்த்துப்போகும். அங்கே கேட்க வேண்டியது ஆழம் இல்லை, இழந்த பரப்பு.

கழிமுகம், உப்பங்கழி, அலையாத்திக் காடு என்றால் வழி வேறு. ஓதம் ஏறி இறங்கும் வாய்க்கால், வறட்சி மிகுந்த காலத்தில் அளக்கும்போது ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம்வரை கடலோர மண்டலத்துக்குள் வரும். மழைக்காலத்தில் அளந்தால் எல்லை சுருங்கிவிடும். எனவே எந்த மாதம் அளந்தார்கள் என்று கேளுங்கள். வாய்க்கால் கரையிலிருந்து 2011 அறிவிக்கைப்படி 100 மீட்டர், 2019 அறிவிக்கைப்படி 50 மீட்டர், அல்லது வாய்க்காலின் அகலம், இவற்றில் குறைந்தது கட்டுப்பாட்டில் வரும். எந்த அறிவிக்கையின் கீழ் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடம் என்பதையும், பழைய வரைபடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியில் மீனவர்கள் போராட வேண்டியிருந்ததே இதற்குத்தான். 1996 வரைபடத்தில் இருந்த கழி பின்னால் வந்த வரைபடத்தில் இல்லை. புகார் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டலக் குழுவுக்குப் போக வேண்டும். அதில் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகப் பிரதிநிதிகள் மூவராவது இருக்க வேண்டும். யார் அவர்கள் என்று கேட்டு, அவர்களிடமும் நகலைக் கொடுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயம் போக நினைப்பவர்கள் நாள் எண்ணுங்கள். வழக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். மனு போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம் என்பதால் அந்தக் கணக்கு நிற்காது. கெட்டதைச் சீரமைக்கக் கேட்கும் மனுவுக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. இழப்பீடு கேட்காவிட்டால் கட்டணம் ஆயிரம் ரூபாய். முதன்முதலில் மண் கொட்டிய லாரியைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால் அநேகமாகக் கிடைப்பது, "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்" என்ற உத்தரவுதான். அகற்றச் சொல்லும் உத்தரவு அது இல்லை. பரிசீலிக்கப்படுவது நீங்கள் முதலில் கொடுத்த அதே மனு. அதில் புல எண்ணும், காணாமல் போன பரப்பும், பி-மெமோ நகலும் இருந்தால்தான் முடிவு எழுதுபவர் கை கட்டப்படும். சொன்ன காலத்தில் முடிவு வராவிட்டால் அவமதிப்பு மனு போட ஓராண்டுதான் அவகாசம். உத்தரவு நகல் அலுவலகத்தில் சேர்ந்த தேதிக்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.