விதைக்கிழங்கோடு வரும் நோய்

பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ சௌராஸ்தா மார்க்கெட்டிலோ உருளைக்கிழங்கு வாங்கும்போது, "ஹாலந்தா, சைனாவா?" என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பிரட்டலுக்கு ஒன்று, கறிபாப்புக்கு ஒன்று என ஆளுக்கொரு கணக்கு. உள்ளூர்க் கிழங்கை யாரும் கேட்பதில்லை. இந்தத் தீவில் அது விளையாது. உருளைச் செடி நன்றாகக் கிழங்கு கட்ட வேண்டுமானால் இரவில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இங்கே விடியற்காலையில்கூட 24 டிகிரி இருக்கிறது. அதனால் அந்தப் பயிரைப் படாதபாடு படுத்தும் வைரஸ் நோய்களைப் பற்றி நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

நெல்லும் கத்தரியும் விதையிலிருந்து முளைப்பவை. உருளையைக் கிழங்கை நட்டுத்தான் பயிர் செய்கிறார்கள். கிழங்கு என்பது தாய்ச் செடியின் உடலில் ஒரு துண்டு. பூத்துக் காய்த்து வரும் விதைக்குள் பெரும்பாலான வைரஸ்கள் நுழைவதில்லை. கிழங்குக்குள் தாராளமாக நுழைகின்றன. இந்த ஆண்டு ஒரு செடிக்குத் தொற்றினால், அடுத்த ஆண்டு அதன் கிழங்குகளிலிருந்து வரும் செடிகள் பிறக்கும்போதே நோயாளிகள். சில பருவங்கள் இப்படியே போனால் விளைச்சல் பாதி அளவுக்கும் கீழே சரிந்துவிடும்.

18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய விவசாயிகள் இதைக் கண்டார்கள். நல்ல ரகம் சில ஆண்டுகளில் நலிந்துபோனது. ரகத்துக்கு வயதாகிவிட்டது என்றார்கள். மண்ணைக் குறை சொன்னார்கள். இலைச்சுருள் நோய் செடிக்குச் செடி தொற்றுகிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஹாலந்தில் குவான்யர் நிறுவினார். 1931இல் கேம்பிரிட்ஜில் கென்னத் ஸ்மித் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தார். தேமல் கண்ட செடியில், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளை விட்டு, பிறகு அவற்றை நல்ல செடிக்கு மாற்றினார். உள்ளே இரண்டு வைரஸ்கள் கலந்திருந்தன. பூச்சி ஒன்றை மட்டுமே எடுத்துச் சென்றது. அது எடுத்துச் சென்றதற்கு ஒய் என்றும், விட்டுச் சென்றதற்கு எக்ஸ் என்றும் பெயர் வைத்தார். ஒரு பூச்சியையே வடிகட்டியாக்கிய அந்த யோசனை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இன்று உருளை விவசாயிகளை மிகவும் அலைக்கழிப்பது இந்த ஒய் வைரஸ்தான். அசுவினியின் வாய் ஊசிபோல் மெலிந்தது. ஒரு செடி தனக்கு ஏற்றதா என்று பார்க்க, மேல்தோல் செல்லில் ஒரு முறை குத்திச் சுவைத்துப் பார்க்கும். அந்தச் சில நொடிகளே போதும். வைரஸ் தானே தயாரிக்கும் ஓர் உதவிப் புரதம், ஒரு முனையில் வைரஸையும் மறுமுனையில் ஊசிவாயின் உட்சுவரையும் பிடித்துக்கொள்கிறது. அடுத்த செடியில் குத்தும்போது வைரஸ் கழன்று உள்ளே போய்விடுகிறது. பூச்சிமருந்து பட்டு அசுவினி சாவதற்குள் வேலை முடிந்துவிடும். மருந்தின் எரிச்சலில் அது செடிக்குச் செடி தாவினால் பரவல் கூடவும் செய்யும். இலைச்சுருள் வைரஸ் அப்படியல்ல. அது சாற்றுக்குழாய்க்குள் மட்டுமே வாழ்வது. அதை எடுக்கவும் கொடுக்கவும் அசுவினி நெடுநேரம் உட்கார்ந்து உறிஞ்ச வேண்டும். அங்கே மருந்து கைகொடுக்கும்.

நம் வீட்டுத் தொட்டி மிளகாய்ச் செடியிலும் ஒய் வைரஸின் உறவினனைப் பார்க்கலாம். மிளகாயும் உருளையும் ஒரே குடும்பம். மலேசிய மிளகாய்த் தோட்டங்களில் நரம்போரம் கரும்பச்சைத் திட்டுகளை உண்டாக்கும் வைரஸும் ஒய் வைரஸின் இனம்தான். அதையும் அசுவினிதான் சுமக்கிறது. இலையைத் திருப்பிப் பாருங்கள்: நரம்பை ஒட்டிப் பச்சையாக, கடுகைவிடச் சிறிதாக, கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஆனால் இலை சுருண்டாலே வைரஸ் என்று செடியைப் பிடுங்க வேண்டாம். மஞ்சள் சிலந்திப்பேனும் இலைப்பேனும் அப்படிச் சுருட்டும்.

மருந்தால் முடியாததை விவசாயிகள் காலத்தாலும் இடத்தாலும் சாதிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் குளிர்ந்த, காற்று மிகுந்த நிலங்களில் அசுவினி குறைவு. அதனால் அங்கே விதைக்கிழங்கு வளர்க்கிறார்கள். வட இந்தியச் சமவெளிக்கு அந்த வசதி இல்லை. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தில் புஷ்கர்நாத் ஒரு வழி கண்டார். அக்டோபரில் நட்டு, அசுவினி பெருகும் முன்பே, ஏறக்குறைய டிசம்பர் கடைசி முதல் ஜனவரி முற்பாதிக்குள், தழையை அறுத்துவிடுவது. 100 இலைக்கு 20 பூச்சி என்பது எல்லை. இலையில் இறங்கிய வைரஸ் கிழங்கை அடையச் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் பாதையையே வெட்டிவிடுகிறார்கள். கிழங்கு மண்ணுக்குள்ளேயே தோல் இறுகியபின் தோண்டப்படுகிறது. பெரிய செலவில்லாத இந்த முறையால்தான் இந்தியா சமவெளியிலேயே விதைக்கிழங்கு எடுக்க முடிந்தது.

ஏற்கெனவே முழுக்க நோயுற்ற ரகத்தையும் மீட்கலாம். பிரான்சில் மொரெல், மார்ட்டின் இருவரும் 1950களில் இதைச் செய்து காட்டினார்கள். தளிர் நுனியில் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத வளர்முனையில் இன்னும் சாற்றுக்குழாய் உருவாகியிருக்காது. வைரஸும் பெரும்பாலும் அதுவரை எட்டியிருக்காது. அதை நுண்ணோக்கியின் கீழ் வெட்டி, சோதனைக் குழாயில் செடியாக வளர்க்கிறார்கள். உலகின் தரமான விதைக்கிழங்கில் பெரும்பகுதி இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் வயலில் இறங்கிய அன்றே அசுவினி அதையும் தேடி வரும். ஆகவே செடிக்கே எதிர்ப்பு வேண்டும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். வயலில் பச்சையாக நிற்கும் செடியெல்லாம் எதிர்ப்புள்ள செடி அல்ல. அமெரிக்காவில் பரவலாகப் பயிரிட்ட ரஸ்ஸட் நார்கோட்டா, ஷெபடி போன்ற ரகங்களில் ஒய் வைரஸ் பெருகினாலும் இலையில் அறிகுறி மிக லேசாகவே தெரியும். நோய்ச்செடியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்குகிறவர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார். அசுவினி தாண்டிப் போகாது. என் பார்வையில், வாடிக் காட்டிக்கொடுக்கும் ரகத்தைவிட இப்படி மறைத்து வைக்கும் ரகம் பக்கத்து வயலுக்கு ஆபத்தானது. ஆய்வகச் சோதனை இல்லாமல் இவற்றை விதைக்காக வளர்ப்பது தவறு.

உண்மையான எதிர்ப்பு காட்டு உறவினர்களிடம் இருந்தது. மெக்சிகோவின் சொலானம் ஸ்டோலோனிஃபெரம் என்ற காட்டு உருளையில் உள்ள ஒரு மரபணு, ஒய் வைரஸின் மேலுறைப் புரதத்தை இனங்காண்கிறது. கண்ட உடனே அந்தச் செல்லிலேயே வைரஸின் பெருக்கம் நிறுத்தப்படுகிறது. இலையில் பெரும்பாலும் தழும்புகூட விழுவதில்லை. பழைய ரகங்களில் இருந்த வேறு சில மரபணுக்கள் வைரஸின் ஒரு வகையை மட்டுமே அடையாளம் கண்டன. 1984இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் விவரித்த, கிழங்குத் தோலில் பழுப்பு வளையங்களை உண்டாக்கும் வகை அவற்றை ஏமாற்றிவிட்டது. மேலுறையின் மாறாத நடுப்பகுதியைப் பிடிக்கும் மெக்சிகோ மரபணுவை ஏமாற்றுவது கடினம்.

அதை நல்ல ரகத்துக்குள் கொண்டுவருவதில் பொறுமை தேவை. உருளையில் ஒவ்வொரு குரோமோசோமும் 4 பிரதிகளாக இருக்கிறது. ஒரே பிரதியில் எதிர்ப்பு மரபணு உள்ள பெற்றோரை, எதிர்ப்பற்ற ரகத்தோடு கலந்தால் பிள்ளைகளில் பாதிக்கே அது கிடைக்கும். 4 பிரதிகளிலும் உள்ள பெற்றோரை உருவாக்கிவிட்டால் அத்தனை பிள்ளைக்கும் கிடைக்கும். அதற்குப் பல தலைமுறைக் கலப்பு வேண்டும். காட்டு உறவினரோடு வரும் கசப்பையும் சின்னக் கிழங்கையும் வழியிலேயே களைய வேண்டும். இப்போது நாற்றின் இலைத் துண்டில் டிஎன்ஏ சோதனை செய்து மரபணு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள்.

மரபணு மாற்றமும் ஒரு வழி. வைரஸ் எதிர்ப்பு சேர்த்த உருளை அமெரிக்காவில் 1990களின் கடைசியில் சந்தைக்கு வந்தது. பெரிய வாங்குவோர் தயங்கியதால் 2001இல் விற்பனை நின்றது. வேளாண் காரணத்தால் அல்ல என்பது வருத்தம்தான்.

பெருவின் தலைநகர் லீமாவில் 1971இல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையம், வெப்பமண்டலத் தாழ்நிலங்களுக்கென்றே வைரஸ் எதிர்ப்புள்ள தனி இனத்தொகுதி ஒன்றை வளர்த்துவருகிறது. வெப்பம் தாங்குவதையும் வைரஸ் எதிர்ப்பையும் சேர்த்தே தேடுவதற்குக் காரணம் உண்டு. குளிர்காலமே இல்லாத இடத்தில் அசுவினிக்கு ஓய்வில்லை. அறுவடையிலிருந்தே விதைக்கிழங்கை எடுத்து வைக்கும் சிறு விவசாயிக்கு, வெப்பத்தை மட்டும் தாங்கும் ரகம் சில பருவங்களுக்கு மேல் நிற்காது.