யுனிவர்சிட்டி பிரசிடென்ட் ஜனாதிபதியும் இல்ல, துணைவேந்தரும் இல்ல

அமெரிக்காவுல பெரியம்மா பையன் படிக்கிற யுனிவர்சிட்டில தலைமை மாறுதுன்னு மெயில் வந்திருக்கு, அதை யாரோ மொபைல்லயே தமிழாக்கி ஃபேமிலி குரூப்ல போட்டுட்டாங்க. "புதிய ஜனாதிபதியைத் தேட முன்னாள் ஜனாதிபதிகள் ஆலோசனை வழங்குவார்கள்"னு இருந்துச்சு. தண்டையார்பேட்டை சித்தி உடனே "இன்னாடா, ட்ரம்ப் போயிட்டாரா?"ன்னு வாய்ஸ் நோட். சிரிச்சிட்டு விட்டிருப்பேன், ஆனா இந்தப் 'பல்கலைக்கழக ஜனாதிபதி'யை யூட்யூப் செய்தியில கேட்டு, வெளிநாட்டுப் படிப்பு நோட்டீஸ்ல படிச்சு, காது புளிச்சிப்போச்சு.

பிரசிடென்ட் லத்தீன்ல இருந்து வந்த சொல்லு, முன்னாடி உக்கார்றவர்னு அர்த்தம், அவ்ளோதான். ஹார்வர்டுல 1640லயே ஹென்றி டன்ஸ்டருக்கு இந்தப் பட்டம் இருந்துச்சு, வாஷிங்டன் நாட்டுக்கு பிரசிடென்ட் ஆனது 1789ல. ஆக காலேஜ் பிரசிடென்ட்தான் சீனியர். ஜனாதிபதின்னா ஜனங்களுக்கு அதிபதி, அதையும் நாம குடியரசுத் தலைவர்னு மாத்தி எவ்ளோ காலம் ஆச்சு. இதுக்கு மேல அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

எனக்கு நிஜமான சண்டை துணைவேந்தரோடதான். தமிழ் ஆர்வலருங்க நிறைய பேர் "நம்மகிட்ட நல்ல சொல் இருக்கே, ஏன் புதுசா யோசிக்கணும்"னு துணைவேந்தர்னு போட்டுடுறாங்க. நல்ல தமிழ்தான், ரெண்டு பேரும் பாக்குற வேலையும் ஏறக்குறைய ஒண்ணுதான், ஒத்துக்குறேன். ஆனா துணைன்னு சொன்னா மேல ஒரு வேந்தர் இருக்கணுமே? நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்துல கவர்னர் வேந்தரா இருந்தாரு, அதனால அங்க அது சரி. அமெரிக்க யுனிவர்சிட்டி பிரசிடென்டுக்கு மேல பெரும்பாலும் வேந்தர்னு யாரும் கிடையாது, யுனிவர்சிட்டியை மேற்பார்க்கிற போர்டுதான். (அந்த போர்டை அறங்காவலர் குழுன்னு எழுதுறாங்க, படிச்சா திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் ஞாபகம் வருது, இருந்தாலும் பரவால்ல, அர்த்தம் சரியாதான் இருக்கு.)

வேந்தர்னு நாம மொழிபெயர்த்த சான்சலர் கதை இன்னும் தமாஷு. லத்தீன்ல அது கோர்ட்டுல கம்பித் தடுப்புகிட்ட நின்ன ஊழியரைக் குறிச்ச சொல்லு, நம்ம ஊருக்கு வந்து சேர்றப்ப அவர் மூவேந்தர் ரேஞ்சுக்கு ராஜா ஆயிட்டாரு. அதை வச்சு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியை மொழிபெயர்த்துப் பாருங்க. அங்க 10 வளாகம், பெர்க்லி மாதிரி ஒவ்வொண்ணுக்கும் தலைமை சான்சலர், பத்துக்கும் சேர்த்து மேல இருக்கிறவர் பிரசிடென்ட். இவங்க கணக்குப்படி பத்து வேந்தருங்களும் ஒரு துணைவேந்தருக்குக் கீழ வேலை பாக்கணும்! இதை ஒருத்தர்கிட்ட சொன்னேன், "அது விதிவிலக்கு"ன்னுட்டாரு. எது கலிஃபோர்னியாவா?

ஆளைப் பிடிக்கிற முறையே வேறங்க. இங்க தேடுதல் குழு மூணு பேரை சிபாரிசு பண்ணும், வேந்தர் அதுல ஒருத்தரை நியமிப்பாருன்னுதான் ரொம்ப காலமா இருந்துச்சு, அந்த அதிகாரம் யாருதுன்னு 2025ல சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. அமெரிக்காவுல போர்டு பெரும்பாலும் இதுக்குன்னே இருக்கிற கம்பெனியைக் கூப்பிடும், அந்த கம்பெனிங்கள்ல ஆலோசகரா இருக்கிறவங்கள்ல பல பேர் பிரசிடென்டா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அவங்க முதல்ல பேராசிரியர், மாணவர், பழைய மாணவர்னு எல்லார்கிட்டயும் பேசி எங்களுக்கு எப்படிப்பட்ட ஆளு வேணும்னு எழுதி வாங்குவாங்க, அப்புறம் வேற யுனிவர்சிட்டில இப்ப நாற்காலியில உக்காந்திருக்கிறவருக்கே ரகசியமா போன் போட்டு "வர்றீங்களா?"ம்பாங்க. பேரு முன்னாடியே வெளிய கசிஞ்சா அந்தாளுக்கு இருக்கிற இடத்துலயும் மரியாதை போயிடும். அந்த நாற்காலியில உக்காந்தவங்களுக்குத்தான் இந்த பயம் புரியும், அதான் முன்னாள்களுக்கு இவ்ளோ கிராக்கி. புது ஆளு வர்ற வரைக்கும் இவங்கள்லயே ஒருத்தர் போய் இடைக்காலமா பாத்துக்கிறதும் உண்டு. இந்த கம்பெனிங்களுக்கு வேலையும் குறைஞ்ச மாதிரி தெரியல, அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் சர்வேப்படி ஒரு பிரசிடென்ட் பதவியில இருந்த சராசரி காலம் 2006ல 8.5 வருஷம், 2022ல 5.9. இவ்ளோ சமாச்சாரத்தையும் 'முன்னாள் துணைவேந்தர்கள்'னு ஒரே வார்த்தையில அடைச்சா, படிக்கிறவன் நம்ம ஊரு கவர்னர் பஞ்சாயத்துன்னுதான் நினைப்பான்.

அதிபர்னு சொல்லலாமேன்னு சிலர் கேக்குறாங்க. இலங்கைத் தமிழ்ல ஸ்கூல் பிரின்சிபாலை அதிபர்னுதான் சொல்றாங்க, அழகான வழக்கு. ஆனா இங்க அதிபர்னா வெள்ளை மாளிகை, இல்லன்னா தொழிலதிபர், மறுபடி சித்தி வாய்ஸ் நோட் போடுவாங்க.

என் ஓட்டு பல்கலைக்கழகத் தலைவருக்குத்தான். "தலைவர்னா ரொம்ப சாதாரணமா இருக்கே"ம்பாங்க. உண்மைதான், வியாசர்பாடில தடுக்கி விழுந்தா ஒரு தலைவர், கேரம் கிளப்புக்கு ஒருத்தர், வியாபாரிங்க சங்கத்துக்கு ஒருத்தர், ஃப்ளெக்ஸ்ல நாலு பேர். ஆனா அந்த கிளப் ஆளையும் நாம பிரசிடென்ட்னுதானே கூப்பிடுறோம்? இங்கிலீஷ்லயே அது சாதாரணச் சொல்லுதான், தமிழ்ல மட்டும் எதுக்கு கிரீடம்? துறைத்தலைவரோட குழம்பும்னா முழுசா பல்கலைக்கழகத் தலைவர்னு எழுதிட்டுப் போங்க.

பிரசிடென்சி காலேஜுக்குத் தமிழ்ல பேரு வச்சவங்களைப் பாருங்க, மாநிலக் கல்லூரின்னு வச்சாங்க. பிரசிடென்சின்னா இங்க மாகாணம்னு விஷயத்தைப் பாத்தாங்க. இன்னிக்கு இருக்கிற மொழிபெயர்ப்பாளருங்க கையில மாட்டியிருந்தா மெரினா எதிர்ல 'ஜனாதிபதிக் கல்லூரி'ன்னு போர்டு தொங்கியிருக்கும். காசு வாங்கிட்டு மெஷின்ல போட்டு அப்படியே ஒட்டுறாங்க, ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

அதே ஆளுங்கதான் அந்த கம்பெனியைத் 'தேடல் நிறுவனம்'னு எழுதுறாங்க, யாரா இருந்தாலும் கூகுள்னுதான் நினைப்பாங்க, தலைமைக்கு ஆள் தேடித் தர்ற நிறுவனம்னு நீட்டி எழுதினா என்ன குறைஞ்சிடும். பழைய தலைவர் போய் புதுத் தலைவர் வர்ற கட்டத்தை 'நிலைமாற்றம்'ங்கிறாங்க, தண்ணி ஆவியாகுற பாடம் மாதிரி. பொறுப்பு கைமாறுறதுன்னு எழுதுங்க, சித்திக்கும் புரியும்.