37 குதிரையும் வால்பாறை ஏற்றமும்

ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஏற ஆரம்பித்துவிடும். வால்பாறை போய்ச் சேர 40 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு லைசென்ஸ் கைக்கு வந்த அடுத்த மாதமே அப்பா என்னை அந்தப் பாதையில் ஓட்டச் சொன்னார். வண்டி மாருதி 800. உள்ளே நாலு பேர், பின்னால் பைகள். மூன்றாவது வளைவில் மூன்றாம் கியரிலேயே திருப்பப் போய், எஞ்சின் கடகடவென்று உதறி, வண்டி நின்றுவிடும்போல ஆகிவிட்டது. அப்பா பதறவில்லை.

"வண்டிக்கு மூச்சு முட்டுது கண்ணு. கியரைக் குறைச்சுக் குடு, அது பாட்டுக்கு ஏறும்."

இரண்டுக்கு மாற்றினேன். எஞ்சின் சத்தம் எழும்பியது. வண்டி சிணுங்காமல் ஏறியது.

அந்த எஞ்சின் 796 சிசி (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு), மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். இன்று நான் ஓட்டுகிற வண்டியிலும் மூன்று சிலிண்டர்தான், 998 சிசி; ஆனால் டர்போ. புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் வாயுவை வைத்தே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். 120 குதிரைத்திறன் வந்துவிடுகிறது. எனக்குக் கார் என்றால் உயிர். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிப் பழகியவன். ஆனால் 120, 150 என்று எண்ணைப் பார்த்து வண்டி எடுக்கிற என் நண்பர்களில் பலருக்கு அந்த எண் எதை அளக்கிறது என்று தெரியவில்லை. அது தெரியாததன் விலையைக் காருக்குள் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

ஜேம்ஸ் வாட் 18-ஆம் நூற்றாண்டில் தன் நீராவி எஞ்சினை விற்கப் புறப்பட்டபோது, வாங்க வந்தவர்களிடம் இருந்தவை குதிரைகள். அவர்களுக்குப் புரிகிற கணக்கில் சொல்லவே குதிரைத்திறனைக் கொண்டுவந்தார். நம் ஷோரூம் தாள்களில் பி.எஸ். என்று போட்டிருப்பது அதன் மெட்ரிக் வடிவம். அதை நம் களத்துமேட்டுக் கணக்கிலேயே சொல்லிவிடலாம்: 75 கிலோ நெல் மூட்டை ஒன்றை ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரைத்திறன். அதே மூட்டையை ஒரு சுமைதூக்கும் தொழிலாளி பத்து நொடி எடுத்துக்கொண்டு ஏற்றினாலும் செய்த வேலை அதேதான். திறன் மட்டும் பத்தில் ஒரு பங்கு. நாள் முழுக்கச் சலிக்காமல் உழைக்கிற மனித உடம்பு தருவது ஏறக்குறைய அந்தப் பத்தில் ஒரு பங்குதான். ஆக, குதிரைத்திறன் அளப்பது வேலையை அல்ல, வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை.

இழுவை வேறு கணக்கு. பஞ்சரான சக்கரத்தின் நட்டு இறுகிப்போயிருந்தால் என்ன செய்கிறோம்? ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீட்டிக்கொள்கிறோம். கை பலம் அதேதான். பிடி நீண்டதும் திருகும் பலம் கூடிவிடுகிறது. இந்தத் திருகும் பலம்தான் முறுக்குவிசை. மாருதி 800-இல் அது நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 59 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி, அலகை மாற்றினால் திறன் கிடைக்கும். 2,500 சுற்றில் அந்த எஞ்சின் தருவது 21 குதிரைத்திறன். 5,000 சுற்றுக்குப் போனால் முறுக்கு கொஞ்சம் குறைகிறது, சுற்று இரட்டிப்பாகிறது. அங்கேதான் 37 வருகிறது. நான் அந்த வளைவில் மூன்றாம் கியரில் மாட்டிக்கொண்டபோது எஞ்சின் 1,000 சுற்றுக்கும் கீழே இருந்திருக்கும். அங்கே ஏழெட்டு குதிரைகூடத் தேறாது. அப்பா சொன்ன 'மூச்சு முட்டல்' அதுதான். கியர் திறனைக் கூட்டுவதில்லை. எஞ்சின் தன் திறனைத் தரக்கூடிய சுற்றில் ஓட இடம் கொடுக்கிறது. சின்னக் கார்களில் முதல் கியரும், சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிற டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களும் சேர்ந்து முறுக்கைச் சுமார் 15 மடங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. ஸ்பேனரில் குழாய் செருகிய அதே வித்தை.

சரி, வால்பாறை ஏற எத்தனை குதிரை வேண்டும்? ஆட்களோடு 900 கிலோ என்று வைப்போம். பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர்கிற ஏற்றம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். டயர் உருள்வதற்கான எதிர்ப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 11 குதிரைத்திறன் வருகிறது. பதினொன்றுதான்! இதை முதன்முதலில் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன்.

சமதளத்தில் மணிக்கு 80-இல் போக ஒரு சிறிய காருக்குத் தேவை சுமார் 10 குதிரைத்திறன். 160-இல் போக? இரண்டு மடங்கு வேகம், 20 போதும் என்று தோன்றும். ஏறக்குறைய 57 வேண்டும். காற்றுதான் காரணம். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகிறது. அந்த எதிர்ப்பை இரட்டிப்பு வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் காற்றுக்குச் செலவாகும் திறன் எட்டு மடங்கு.

அப்படியானால் மீதிக் குதிரைகள் எதற்கு? நேரத்துக்கு. ஒரு டன் எடையுள்ள காரை நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக ஒரு குறிப்பிட்ட ஆற்றல் தேவை. அதைப் பதினைந்து நொடியில் கொடுக்க, சராசரியாக 35 குதிரை. ஏழரை நொடியில் கொடுக்க, 70. நாம் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்குவது அந்த ஏழரை நொடியை.

அந்த நொடிகளுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருவழிச் சாலையில் கரும்பு லாரியை முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கிற நேரம் குறைவதே பாதுகாப்பு. அதைத் தாண்டி, அதில் ஒரு ஆனந்தமும் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நம் மண்ணில் அந்த ஆனந்தத்துக்கு ஒரு வரலாறே உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் சோழவரம் பந்தயங்கள் நடந்தன. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. கோவையின் கரிவரதன் 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். வீட்டு வாசலில் நிற்கிற மாருதியின் எஞ்சின்தான் அதற்கும். கூடு மட்டும் இலேசு. குறைந்த எடையில் அதே குதிரைகள் என்ன செய்யும் என்று அந்தக் கார்கள் ஒரு தலைமுறைக்குக் காட்டின. அந்தப் பந்தயங்களில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பந்தயத் தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். தலைக்கவசம், தடுப்புச் சுவர், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ். குதிரைகளை அவிழ்த்துவிட அதுதான் இடம்.

தெருவுக்கு வருவோம். எங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப் எடுத்து அளந்தோம். பிள்ளைகள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். 14 மீட்டர் என்பது எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து இஸ்திரி வண்டி நிற்கிற வேப்பமரம் வரைக்கும். மணிக்கு 30-இல் வரும் கார் கேட்டருகே இருக்கும்போது, மரத்தடியிலிருந்து ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு வருகிறது என்று வையுங்கள். ஓட்டுநர் பார்த்து, காலைத் தூக்கி, பிரேக் மிதிக்க ஒரு நொடி ஆகும். அதற்குள் கார் 8 மீட்டர் கடந்துவிடும். நல்ல டயரும் காய்ந்த ரோடும் இருந்தால் அடுத்த 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13, குழந்தைக்கு முன்னால் ஒரு காலடி தூரத்தில் நிற்கும்.

அதே கார் 50-இல் வந்தால்? அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடுகிறது. கால் பிரேக்கைத் தொடுகிற நேரத்தில் கார் குழந்தையைத் தொட்டிருக்கும், முழு 50 வேகத்தில். பிரேக் எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தாலும், எத்தனை ஏர்பேக் இருந்தாலும் அந்தக் குழந்தைக்கு அதனால் ஒன்றுமில்லை. 50 வேகத்தில் மோதுவது, கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி.

பிள்ளைகள் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்கள். இரண்டு நாளில் அழிந்துவிட்டது. எனக்கு இன்னும் அது தெரிகிறது.

வேகம் ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு படி ஏறி நிற்கிறது. ஒரு நொடியில் கடக்கும் தூரம் வேகத்தோடு நேராகக் கூடுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக, அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய கணக்கில். காற்றைக் கிழிக்கும் திறன் மும்மடியாக. சாவு? ஸ்வீடனில் வேக வரம்புகளை மாற்றியபோது விபத்துகள் எப்படி மாறின என்று ஆராய்ந்த யோரான் நில்சன், உயிர்ப்பலி விபத்துகள் சராசரி வேகத்தின் நான்காம் மடியை ஒட்டி நகர்வதைக் கண்டார். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுவே: சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும். பத்து சதவீதம் கூட்டினால் 46 சதவீதம் ஆகிறது. இந்த நான்காம் மடி எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகத்தைக் காரணமாகப் பதிந்திருக்கிறார்கள். இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்; 19 சதவீதத்துக்கு மேல் நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாடு, 64,105. கார் பிரியனாக இந்த எண்களைத் தள்ளிவைத்துவிட்டு எஞ்சினைப் பற்றி மட்டும் பேச என்னால் முடியவில்லை.

நம் வரி முறையைப் பாருங்கள். பெட்ரோல் கார் 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருந்தால் சிறிய கார், வரி குறைவு. அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் சிசி தெரிந்தால் திறன் ஓரளவு தெரியும். டர்போ வந்தபின் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. 37 குதிரையும் 120 குதிரையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. எடையையும் திறனையும் வைத்து வரி போட வேண்டும் என்பது என் கருத்து. என் வண்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜப்பானியக் கார் கம்பெனிகள் 1989 முதல் 2004 வரை 280 குதிரைத்திறனுக்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருந்தன. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்கிற புதிய கார்கள் எல்லாவற்றிலும் வேக வரம்பைப் படித்து ஓட்டுநரை எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். இங்கும் 2019-லிருந்து 80-ஐத் தாண்டினால் வண்டி 'பீப்' அடிக்கிறது; 120-ஐத் தாண்டினால் நிறுத்தாமல் அடிக்கிறது. ஒருமுறை சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் என்னிடம் கேட்டார்: "அந்த பீப் சத்தம் தொந்தரவா இருக்குதுங்களா? நெறையப் பேரு எடுத்துடச் சொல்றாங்க." வேண்டாம் என்றேன். 80-இல் ஓட எனக்கு 10 குதிரைதான் வேண்டும் என்று எனக்கு நினைவூட்டுகிற ஒரே குரல் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதுப் பையன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, "சூப்பரா ஓட்டுறான்" என்று பெருமைப்படுகிற பெற்றோரைக் கல்யாண வீடுகளில் பார்க்கிறேன். 2019 சட்டத் திருத்தப்படி அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. சட்டத்தை விடுங்கள். ஸ்டியரிங்கை வளைக்கத் தெரிவது ஒரு மாதத்தில் வந்துவிடும். 14 மீட்டர் எவ்வளவு குறைவு என்று உடம்புக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும்.

போன மாதம் மறுபடி வால்பாறை போனோம், டர்போ வண்டியில். அப்பா பக்கத்தில். ஏறும்போது நாற்பது வளைவும் தெரியவே இல்லை. இறங்கத் தொடங்கும்போது அப்பா சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கு கண்ணு."

இறங்க ஒரு குதிரையும் வேண்டாம். 700 மீட்டர் உயரம் இறங்கும் எந்த வண்டியிலும் சேர்ந்திருக்கும் ஆற்றல், 100 வேகத்திலிருந்து பதினெட்டு முறை பிரேக் அடித்து நிறுத்துகிற ஆற்றலுக்குச் சமம். அத்தனையும் எங்காவது வெப்பமாகக் கழிய வேண்டும். பிரேக் மட்டுமே சுமந்தால் பட்டை காய்ந்து பிடிப்பு போய்விடும். தாழ்ந்த கியரில் விட்டால், ஆக்ஸிலேட்டரை எடுத்த எஞ்சின் காற்றை இழுக்கத் திணறி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். வெப்பத்தின் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்ளும். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் அதற்கென்று 'எல்' என்ற தாழ்ந்த கியர் இருக்கிறது. பலர் அதைத் தொட்டதே இல்லை.

ஆழியாறு சோதனைச் சாவடிக்கு முன்னால் இரண்டு பெரிய வண்டிகள் ஓரமாக நின்றிருந்தன. பிரேக் தீய்ந்த வாடை காற்றில் இருந்தது. ஓட்டிவந்தவர்கள் கீழே இறங்கி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் நிறுத்தினேன். அப்பா குனிந்து எங்கள் முன்சக்கரத்துக்கு அருகே புறங்கையை நீட்டிப் பார்த்தார். "சூடு இருக்குது. ஆனா தாங்குது" என்றார். டீ குடிக்கப் போனோம்.