நெல் இலை டி.என்.ஏ.வை நீல நிறத்தால் அளப்பது

குறுவை நாற்றங்காலில் கிள்ளிய இளம் இலையிலிருந்து டி.என்.ஏ. பிரித்தால் ஆர்.என்.ஏ.வும் கூடவே வரும். 260 நானோமீட்டர் புற ஊதா ஒளியை இரண்டுமே உறிஞ்சுவதால், ஆர்.என்.ஏ.வை நொதியால் சிதைக்காமல் எடுத்த அளவு கூடுதலாகவே காட்டும். டி.என்.ஏ.வின் சர்க்கரையை நீலமாக்கி அளக்கும் டைஃபினைலமைன் சோதனையில் இந்தத் தொல்லை கிடையாது. நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டர் மட்டும் உள்ள தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்துவிடலாம்.

1930இல் டிஷே என்ற உயிர்வேதியியலாளர் வெளியிட்ட வினை இது. சூடான அமிலத்தில் டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் அடினினும் குவானினும் கழன்று விழ, அவற்றைத் தாங்கியிருந்த டிஆக்ஸிரைபோஸ் என்ற சர்க்கரை ஒரு ஆல்டிஹைடாக மாறி, டைஃபினைலமைனோடு சேர்ந்து நீலமாகிறது. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸ் அந்த நீலத்தைத் தராது. மற்ற இரு காரங்களான சைட்டோசின், தைமின் தாங்கிய சர்க்கரை எளிதில் பிரியாததால், பாதிச் சர்க்கரையே கணக்கில் வரும். ஈரிழையில் இந்தப் பாதி எல்லா மாதிரிக்கும் ஒன்றுதான்; ஓரிழைத் துண்டுகளில் அப்படியில்லை, அங்கே கணக்கு பிசகும்.

1 கிராம் டைஃபினைலமைனை 100 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, 2.5 மி.லி. அடர் கந்தக அமிலத்தை மெல்லச் சேர்க்கவும். நச்சுப்புகையை உறிஞ்சும் அலமாரியும் (ஃபியூம் ஹூட்) கையுறையும் கட்டாயம். பழுப்பேறிய பொடி வேண்டாம். வினைபொருளை அன்றன்றே கலக்கவும். 2 மி.லி. மாதிரிக்கு 4 மி.லி. வினைபொருள். குழாயின் வாயில் கோலிக்குண்டு வைத்து 10 நிமிடம் கொதிநீரில் நிறுத்தி, ஆறவிட்டு, 595 நானோமீட்டரில் அளக்கவும். மில்லிலிட்டருக்கு 100 முதல் 500 மைக்ரோகிராம் வரை டி.என்.ஏ. அளவு தெரிந்த தரக்கரைசல்களும், டி.என்.ஏ. இல்லாத ஒரு குழாயும் கூடவே வேக வேண்டும்.

நிறம் மிகுந்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். டைஃபினைலமைன் நீரில் கரையாது. குழாய் பால்போல் வெளுத்துவிடும். வினைபொருளில் மாதிரியைக் குறைத்து மறுபடி செய்வதே வழி. லேசான கலங்கலுக்கு, 595இல் வந்த அளவிலிருந்து 700இல் வந்ததைக் கழிக்கலாம். நீலத்துக்குப் பதில் பச்சையோ பழுப்போ தட்டினால், இலையின் மாவுச்சத்தும் சர்க்கரையும் கலந்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். முற்றிய சம்பா இலையில் அது சகஜம், டி.என்.ஏ.வை இன்னொரு முறை வீழ்படிவாக்கிக் கழுவவும்.

ஒரே குறை, இது நிறைய டி.என்.ஏ. கேட்கும். டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆருக்கு வைத்திருக்கும் 50 மைக்ரோலிட்டரை இதில் வீணாக்க வேண்டாம். மாதிரி குறைவென்றால் 1956இல் பர்ட்டன் திருத்திய முறை உண்டு: சிறிதளவு அசிட்டால்டிஹைடு சேர்த்து 30 டிகிரியில் 16 மணி நேரத்துக்கு மேல் வைத்தால், நிறம் சில மடங்கு கூடும். சித்திரையில் டெல்டாவின் அறைவெப்பம் அதைத் தொட்டுவிடும் என்று மேசைமேல் விட்டுவிடாதீர்கள். பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் மாறும். மாதிரியும் தரக்கரைசலும் ஒரே இன்குபேட்டரில், ஒரே நேரத்தில் இருக்கட்டும்.