அட்டைப் படத்துக்காக இசையை வெட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. பழைய இசைத் தாள்களைச் செப்பனிடும் என் மேசைக்கு வியன்னா இசையமைப்பாளர் எடுவார்ட் ஸ்ட்ராஸ், 'கார்மென்' ஆபராவின் (இசை நாடகத்தின்) மெட்டுகளை நடன இசையாகக் கோத்த கார்மென் குவாட்ரில், பியானோப் பதிப்பு, வந்தது. அட்டையைக் கத்தியால் வெட்டிச் சட்டம் போட்டுவிட்டார்கள். உள்தாள்களில் செலோடேப். "மெட்டெல்லாம் ஆபராவிலேயே இருக்கிறதே, இதில் படம்தானே விசேஷம்?" என்றார் கொண்டு வந்தவர்.

ஆபராவில் இது இல்லை. எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று! குவாட்ரில் என்பது ஜோடிகள் எதிரெதிரே நின்று ஆடுவது. வியன்னாவில் அதற்கு ஆறு பகுதிகள். தாளம் 2/4 அல்லது 6/8. மெட்டு எட்டெட்டுத் தாளக் கட்டங்களாக நறுக்கென்று முடிந்தால்தான் கால் பிசகாது. 1875-ல் பாரிஸில் அரங்கேறிய பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் கார்மென் ஆபராவில் பாடகர் இழுத்து நிறுத்தும் இடங்களெல்லாம் ஆட்டத்துக்கு உதவாது. எதை எடுப்பது, எதை வெட்டுவது, எதோடு எதைக் கோப்பது என்பதுதான் இங்கே இசையமைப்பு. இன்னொரு உதாரணம்: பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷாப்ரியே, ஜெர்மானியர் வாக்னரின் 'ட்ரிஸ்டான்' ஆபராவை மியூனிக்கில் கேட்டு அழுதவர். அந்த ட்ரிஸ்டான் மெட்டுகளையே எடுத்து, ஒரே பியானோவில் இருவர் நான்கு கைகளால் வாசிக்கத் துள்ளலான குவாட்ரில் ஒன்று எழுதினார். வாக்னரின் தாள்களில் அந்தத் துள்ளலைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

ஒலித்தட்டு வராத காலத்தில் பல வீடுகளுக்கு ஆபரா வந்து சேர்ந்தது இப்படிப் பியானோத் தாள்கள் வழியாகத்தான். அப்புறம் இன்னொன்று: 1907-ல் இதே எடுவார்ட், தன் குடும்பத்தின் ஸ்ட்ராஸ் இசைக்குழுவின் காப்பகத்தையே வியன்னாவில் உலையில் போட்டு எரித்தார். அந்தக் குடும்பத்தின் படைப்புகளில் சிலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது பியானோத் தாள் மட்டும்தான்.

என் மேசையில் இருக்கும் தாளில், மூன்றாம் பகுதியின் பக்கத்தில் யாரோ பென்சிலால், எந்த விரலால் வாசிப்பது என்று விரல் எண் போட்டிருக்கிறார்கள். 4 என்று எழுதி, அடித்துவிட்டு 3. கீழ் வலது மூலை, புரட்டிப் புரட்டிக் கறுத்திருக்கிறது. சரியாக அந்த 3-இன் மேல்தான் செலோடேப். பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிட்டது. எடுத்தால் பென்சிலும் கூட வரும்.

தயவுசெய்து ஒட்டாதீர்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. பென்சில் குறிகளை 'அழுக்கு' என்று ரப்பரால் தேய்க்காதீர்கள். சட்டத்துக்குப் பொருந்த ஓரத்தை நறுக்காதீர்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் அச்சுத் தகட்டு எண்தான் ஆண்டு போடாத பதிப்புகளுக்கு வயது சொல்கிறது. கிழிந்திருந்தால் அப்படியே அமிலமில்லாத உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாமல் தட்டையாக வையுங்கள். ஒட்டும் வேலையை எங்களிடம் விடுங்கள். ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும், நாளை வேண்டாமென்றால் நீர் காட்டிப் பிரித்துவிடலாம்.

அந்த அட்டையைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.